பெயர் எழுதாத மாடல்

2022 ஆகஸ்ட் 17. திசு மாதிரி, ஒன்று. எடுக்கப்பட்ட இடம்: மேலண்ணத்தின் இடப்புறம், பின்பகுதி. அளவு: பட்டாணியில் பாதி. நோயாளி ஆண், வயது ஐம்பத்தெட்டு. தொழில்: பல் செட் செய்தல். இயற்கைப் பற்கள்: இல்லை. வலி: இல்லை. புண்: இல்லை. வீக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை, சொன்னபடியே: "நாளைச் சொல்ல முடியாது. மாடலைப் பாத்தா சொல்லிடலாம்."

அந்த மாதிரி வந்து சேர்ந்தது, நான் முதுநிலை பயிலும் பல் மருத்துவக் கல்லூரியின் வாய்நோயியல் துறைக்கு. எங்கள் துறையில் நோயாளிகளை நாங்கள் பார்ப்பதில்லை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட துணுக்குகளை மட்டுமே பார்க்கிறோம். அவரும் ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. கீழே உள்ளவை, அவர் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த மூன்று பிளாஸ்டர் மாடல்களிலிருந்தும், அவரும் அவர் வேலை பார்க்கும் கிளினிக்கின் டாக்டரும் வரவேற்பு மேசைப் பெண்ணும் சொன்னவற்றிலிருந்தும் ஒழுங்குபடுத்தப்பட்டவை.

கிளினிக்கில் அவருக்கு 'மாவு' என்று பெயர். புருவத்திலும் கைக்கடிகாரப் பட்டையிலும் காது மடலிலும் எப்போதும் பிளாஸ்டர் தூள் படிந்திருக்கும் என்பதால் வந்த பெயர். வரவேற்பு மேசைப் பெண் அதனுடன் ஓர் 'அண்ணா'வைச் சேர்த்துக்கொண்டாள். டாக்டர் மட்டும் எந்தப் பெயரும் சொல்லி அழைப்பதில்லை. அழைக்கவேண்டிய தேவை நேர்வதில்லை. டாக்டரின் அறைக்கும் அவருடைய வேலையறைக்கும் நடுவிலிருக்கும் சுவரில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. அதற்கு இழுத்து மூடும் மரப்பலகை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். ஈரத்துணியில் சுற்றி, பெயர் எழுதிய சீட்டுடன் தட்டில் வைத்துத் துவாரத்தில் தள்ளுவார். பலகையை இருமுறை தட்டுவார். சில நாள்கள் கழித்து, அதே வழியில், அதே ஈரத்துணியில் பற்கள் திரும்பிப் போகும். பத்தொன்பது ஆண்டுகளாக இருவருக்கும் இடையே நடந்த பேச்சு பெரும்பாலும் இந்தத் தட்டல்தான்.

வேலையறை முன்பு பொருள்கள் போட்டுவைக்கும் அறையாக இருந்தது. ஒரே சன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏசி இயந்திரம் சுடுகாற்றை ஊதும். எனவே அதைத் திறப்பதில்லை. மூன்று சுவர்களிலும் மரப்பலகைகள். அவற்றில் வரிசை வரிசையாக மேல்தாடைகளும் கீழ்த்தாடைகளும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு பெயர், ஒரு தேதி. பெயர் எழுதாமல் எந்த மாடலையும் அவர் கையை விட்டுக் கீழே வைத்ததில்லை. புதிதாக வந்து சில மாதங்களில் ஓடிப்போன உதவியாளர்கள் பலரிடமும் அவர் முதலில் சொன்னது இதைத்தான்: "ஈரம் காயறதுக்குள்ள பேர் எழுது. காஞ்சப்புறம் எல்லா வாயும் ஒண்ணுதான்."

நோயாளிகள் அவரைப் பார்த்ததில்லை; அவரும் அவர்களைப் பார்த்ததில்லை. குரல்கள் மட்டும் துவாரத்தின் வழியே வரும். ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கையிலிருந்த ஒரு பெண் தொலைபேசியில் யாரிடமோ பேசிச் சிரித்தார். அந்தப் பெண்ணின் மேல் முன்பற்கள் ஆறையும் அவர் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொண்டார். தாமே மெழுகில் நிறுத்திய வரிசை. கோரைப்பல்லின் சாய்வு நன்றாக அமைந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தி, முறைத்து, எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

"நான் செஞ்ச பல்லு, என்னையே முறைச்சுட்டு எழுந்து போச்சு" என்று மறுநாள் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொன்னார்.

"அடி விழாம வந்தீங்களே, அண்ணா. விழுந்திருந்தா நீங்களே உங்களுக்கு ஒரு செட் பண்ணிக்கலாம்" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அப்போது அவர் வாயில் இருந்த பற்கள் அனைத்தும் அவர் செய்தவை. அது அவளுக்குத் தெரியாது.

ஒருவருக்கும் தெரியாது. மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்து, நாற்பத்தாறாம் வயதில், ஈறு நோயால் அவர் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவரின் வாய் இப்படியா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, நகரின் மறுகோடியில் தம்மை அறியாத ஒரு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். காய்ச்சல், முகவீக்கம் என்று சொல்லி விடுப்பு. அதற்குள் தமக்குத் தாமே ஒரு செட் செய்துகொண்டார். அவருடைய சொந்தப் பற்களில் மேல்வரிசையின் இரண்டாவது இடப் பல் சற்றுத் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் தோள் சாய்த்தாற்போல் நிற்கும். புதிய செட்டிலும் அதை அப்படியே திருப்பி நிறுத்தினார். செயற்கைப் பல்லை யாரும் கோணலாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எல்லோரும் நம்புவார்கள் அல்லவா? அதன் பிறகு ஒருநாளும் அவரை யாரும் பல்லில்லாமல் பார்த்ததில்லை, அவரும் பார்த்துக்கொண்டதில்லை. பல்லை மாட்டிய பிறகே கண்ணாடி முன் நிற்பார். டாக்டர் ஆண்டுக்கொருமுறை துவாரத்தின் வழியாகச் சொல்வதுண்டு: "அந்தக் கோணப் பல்லை ஒரு நாள் நேராக்கிடலாமே." அவர், "இருக்கட்டும் டாக்டர், வயசாச்சு" என்பார். தம் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டை அவர் பெற்றதில்லை, பகிர்ந்துகொள்ளத்தான் ஆளில்லை.

2022 பிப்ரவரியில் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது மேல் செட் நழுவி, கீழ்ப் பற்களில் மோதி 'டக்' என்றது.

"என்ன அண்ணா, வாய்க்குள்ள டைப்ரைட்டரா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"மிட்டாய்ம்மா."

"எனக்கு?"

"தீந்துபோச்சு."

அன்றிலிருந்து சட்டைப் பையில் மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. அவள் தினமும் கேட்டாள்.

இந்த இடத்தில் அவர் செய்த பிழையைப் பதிவுசெய்யவேண்டும். பல் செட் செய்பவர்களுக்கு ஒரு பழக்கம்: செட் ஆடினால் குறை செட்டில். வாயில் குறை இருக்க முடியாது. ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது செட் மட்டுமே. அவர் செட்டின் உட்புறம் வெள்ளைப் பசையைத் தடவி, வாயில் அழுத்தி எடுத்தார். இடப்புறம் பின்னால் ஒரு நாணயத்தளவு பசை விலகியிருந்தது. அங்கே அழுந்துகிறது என்று பொருள். அந்த இடத்தை இயந்திரத்தால் தேய்த்தார். செட் ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டு வாரங்களில் மீண்டும் ஆடியது, மீண்டும் தேய்த்தார். மூன்றாம் முறை தேய்த்தபோது அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. செட் வளைந்துவிட்டது, காலம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

நாளெல்லாம் பிறர் அண்ணங்களைக் கையில் வைத்துப் பார்ப்பவர், தம் அண்ணத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமானால் பல்லைக் கழற்றிய முகத்துடன் கண்ணாடி முன் நிற்கவேண்டும்.

ஏப்ரலில் ஒரு விடுமுறை நாளில் கிளினிக்குக்குத் தனியாக வந்து, முக்காலியில் உட்கார்ந்து, குமட்டாமலிருக்கத் தலையை முன்னால் கவிழ்த்துக்கொண்டு, தம் கையாலேயே தமக்கு அச்சு எடுத்தார். பிளாஸ்டர் ஊற்றிப் பிரித்தபோது இடப்புறம் ஒரு மேடு தெரிந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. தேய்த்துத் தேய்த்துச் செட்டில் குழி விழுந்துவிட்டது. குழிக்குள் சதை வந்து நிரம்பியிருக்கிறது. "காலி இடம் கிடைச்சா சதை வந்து உக்காந்துக்கும்மா. பல பேர் வாயில பாத்திருக்கேன்" என்று என்னிடம் விளக்கினார். அந்த மேட்டின் வடிவத்துக்கே புதிய செட்டைச் செய்தார். அது வாழ்நாளில் அவர் செய்த செட்டுகளிலேயே மிகச் சரியாகப் பொருந்தியது. ஆறு வாரங்கள் ரொட்டியின் ஓரத்தைக்கூடக் கடித்துத் தின்றார். பொருத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததனால் உள்ளே வளர்வதைப் பற்றி எண்ணவே வழியில்லாமற் போயிற்று.

ஞாயிறு மாலைகளில் வேறொரு நகரத்திலிருந்து அவர் தங்கை தொலைபேசியில் அழைப்பார். படுத்த படுக்கையான மாமியாரை விட்டு அவரால் நகர முடியாது. ஆறு ஆண்டுகளாக அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்ததில்லை. ஜூலையில் ஒரு ஞாயிறு தங்கை கேட்டார்: "என்னண்ணா, வாயில எதையோ வச்சுக்கிட்டு பேசற மாதிரி இருக்கு?"

"மிட்டாய்" என்றார்.

"இந்த வயசுலயா? பல்லு போயிடும், பாத்துக்கோ."

புதிய செட்டும் ஆடத் தொடங்கியிருந்தது. ஜூலை 29 அன்று மீண்டும் ஓர் அச்சு. அந்த மாடலை உலர்த்தும் பலகையில் வைத்தார். பெயர் எழுதவில்லை. ஏப்ரல் மாடலிலும் எழுதவில்லை. தமக்குத் தாமே எதற்கு எழுதிக்கொள்ளவேண்டும்?

நான்கு நாள்கள் கழித்து, ஒரு கீழ்த்தாடை மாடல் உடனே வேண்டுமென்று டாக்டர் துவாரத்தைத் தட்டினார். அவர் பிளாஸ்டர் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. டாக்டர் சுற்றிக்கொண்டு வேலையறைக்கே வந்துவிட்டார். தேடிய மாடலை எடுத்தார். போகத் திரும்பியவர் உலர்த்தும் பலகையருகே நின்றார்.

"இது யாருது?"

"எது, டாக்டர்?"

"இந்த மேல்தாடை. அடியில பேரே இல்லையே. நீங்க பேர் எழுதாம வச்ச மாடலை நான் பாத்ததே இல்ல."

"வெளி கேஸ், டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"அது ஒரு பழைய பழக்கம். சும்மா ஒரு உதவிக்கு."

டாக்டர் மாடலை விளக்கடியில் சாய்த்து, கட்டைவிரலால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தார். "வலது பக்கம் எவ்வளவு பள்ளம், பாருங்க. இடது பக்கம் மேடு. எலும்பு மேடுன்னா நடுவுல இருக்கும். இது ஓரத்துல, பின்னால இருக்கு. அந்த டாக்டர் இதப் பாத்தாரா?"

"பாத்திருப்பாரு."

"பாத்திருந்தா பல் செட்டுக்கு அச்சு எடுத்திருக்க மாட்டாரு. நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்."

"தேடித் தரேன், டாக்டர்."

டாக்டர் மாடலைத் தம்முடன் எடுத்துக்கொண்டு போனார். அது அவர் மேசையில் பேனாத் தாங்கியின் அருகே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் துவாரம் மூன்று முறை தட்டப்பட்டது, மூன்று முறையும் அச்சு வரவில்லை, கேள்வி வந்தது: "நம்பர் கிடைச்சுதா?"

அடுத்த நாள் வரவேற்பு மேசைப் பெண் தேநீருடன் வேலையறை வாசலில் வந்து நின்றாள். "மாவு அண்ணா, யாருண்ணா அந்த வெளி டாக்டர்? நீங்க சொல்லாததுனால என்னை எல்லா பல் டாக்டருக்கும் போன் போடச் சொல்லிட்டாங்க. 'உங்க பேஷண்ட் யாருக்காவது அண்ணத்துல மேடு இருக்கா'ன்னு கேட்டா, எனக்கே சிரிப்பா இருக்கு. ஒருத்தர், 'உங்க கிளினிக்ல கூட்டம் இல்லையா?'ன்னு கேட்டுட்டார்."

"டாக்டருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? யாரோ, எவரோ."

"யாரோ எவரோன்னுதான் பயமாம். சொந்தக்காரங்க யாராவது இருந்தா பாத்துச் சொல்லுவாங்களாம். யாருமே இல்லாத ஆளா இருந்தா என்ன ஆகும்னு சொல்லிட்டிருக்காங்க. காலையிலேர்ந்து அதே பேச்சு. எனக்கே அந்த ஆளை நினைச்சா பாவமா இருக்கு."

அவர் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டிலிருந்த பழைய மாடலை, அதாவது 2018இல் செட்டைப் புதுப்பித்தபோது எடுத்ததை, ஏப்ரல் மாடலின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். டாக்டரிடமிருந்த ஜூலை மாடலைப் பார்க்கத் தேவைப்படவில்லை. அது மனத்தில் இருந்தது. பிறர் வாயாக இருந்திருந்தால் அன்றே டாக்டரைத் தட்டிக் கூப்பிட்டிருப்பேன் என்றும் சொன்னார்.

மறுநாள் மதிய உணவு இடைவேளை. டாக்டர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துவாரத்தின் பலகை வேலையறைப் பக்கத்திலிருந்து இருமுறை தட்டப்பட்டது. தட்டில் ஈரத்துணிப் பொட்டலம் வந்தது. பிற்பகல் நோயாளியின் செட் என்று நினைத்து டாக்டர் பிரித்தார். மேல் செட், பயன்படுத்திய செட். முதலில் கண்ணில் பட்டது மேல்வரிசையின் இரண்டாவது இடப் பல்; அது திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்திருந்தது. சீட்டில் அவருடைய முழுப் பெயர்.

அந்தப் பெயரை முழுமையாக அப்போதுதான் படித்ததாக டாக்டர் என்னிடம் கூறினார்.

"நேராக்கிக்கோங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், இதையா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். செட்டை மீண்டும் ஈரத்துணியில் வைத்தார். "முன்பக்கமா வாங்க. சேர்ல வந்து உக்காருங்க" என்றார்.

வேலையறையிலிருந்து அந்த நாற்காலிக்குச் சுவர் வழியே ஒரு கைத் தொலைவு. வாசல் வழியே சுற்றினால் வரவேற்பு மேசையைக் கடக்கவேண்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தார். வரவேற்பு மேசைப் பெண் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவர் கண்களைப் பார்த்துவிட்டுக் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாற்காலியில் சாய்ந்த பிறகும் கைக்குட்டையை எடுக்கவில்லை. டாக்டர் விளக்கைச் சரிசெய்வதுபோல் நேரம் கடத்தினார். கருவிகளை இடம் மாற்றி வைத்தார். அவர் தாமாகவே கையை இறக்கினார்.

அண்ணத்தின் இடப்புறம் நீலம் கலந்த சிவப்பில் ஒரு வீக்கம். டாக்டர் கையுறை விரலால் தொட்டுப் பார்த்தார். "வலிக்குதா?"

இல்லையென்று தலையசைத்தார்.

"மெத்துமெத்துனு இருக்கு. எலும்பு இல்ல. சீழ் கட்டினதும் இல்ல. செட் உரசின புண்ணுன்னா இந்த நிறத்துல இருக்காது." கழுத்தின் இருபுறமும் நெரி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார், இல்லை.

"காலி இடத்துக்குச் சதை வந்திருக்கும்னு நினைச்சேன்" என்றார் அவர். பல்லில்லாத வாயில் சொற்கள் வழுக்கின.

"சதை அப்படி வந்தாலும் இவ்வளவு வேகமா குடி வராது. இது என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தேய்க்கவும் கூடாது, மருந்து குடுத்து ஒப்பேத்தவும் கூடாது. துளி சதை எடுத்து அனுப்பிப் பாக்கணும். இனிமே கொஞ்ச நாளைக்கு இந்த செட்டைப் போடாதீங்க."

"வெளிய எப்படி டாக்டர் போறது?"

டாக்டர் இழுப்பறையைத் திறந்து முகக்கவசப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

அந்தத் துளிதான் ஆகஸ்ட் 17 அன்று எங்களிடம் வந்தது. நுண்ணோக்கியில் முதலில் பார்த்தபோது வெள்ளணுக்கள் குவிந்து கிடந்தன. பல் செட்டின் அடியில் அழற்சி ஏற்பட்டால் இவ்வாறு குவிவது வழக்கம் என்பதால் அழற்சி என்றே எழுதப் போனேன். எங்கள் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சந்தைக் கூட்டமா, பட்டாளமா? நல்லா பாரு" என்றார். அழற்சிக்கு வரும் அணுக்கள் பல இனமாகக் கலந்திருக்கும். இங்கே எல்லாம் ஒரே இனம், அளவில் பெரியவை. சிறப்புச் சாயங்கள் ஏற்றிப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது: லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ கட்டியாகத் தொடங்குவது, அரிதாக வாயிலும் தொடங்கும். வலிக்காது, ஆகவே ஈறு வீக்கமென்றும் செட் கோளாறென்றும் மாதங்கள் கழிந்துவிடும். உடல் முழுவதும் படமெடுத்துப் பார்த்ததில் வேறெங்கும் பரவவில்லை.

நான் அளப்பதற்காக மாடல்களை அவரே கொண்டுவந்தார். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தொலைவில் புள்ளியிட்டு, ஈறு மேட்டிலிருந்து அண்ணத்தின் ஆழத்தை அளந்தேன். 2018: வலம் பதினொரு மில்லிமீட்டர், இடம் பதினொன்று. ஏப்ரல்: வலம் பதினொன்று, இடம் எட்டு. ஜூலை: வலம் பதினொன்று, இடம் நான்கு.

"கடைசி மாடலை நானும் ஒரு வாட்டி அளந்தேன். அஞ்சுன்னு வந்துச்சு" என்றார்.

"எழுதி வச்சீங்களா, சார்?"

"எதுக்கும்மா? யார்கிட்ட காட்ட?"

சிகிச்சை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முறை. பெரிய மருத்துவமனையின் நீண்ட அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடன் வந்தவருக்கு ஒரு சின்ன நாற்காலி. முதல் நாள் ஊசி ஏற்ற வந்த நர்ஸ், "கூட வந்தவங்க எங்கே?" என்று கேட்டார்.

"வெளிய இருக்காங்க" என்றார் அவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

நர்ஸ் கதவைத் திறந்து நடைக்கூடத்தைப் பார்த்து, "மூணாம் நம்பர் சேர்காரரோட வந்தவங்க யாரு?" என்று உரக்கக் கேட்டார். சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்கள். நர்ஸ் திரும்பி வந்து போர்வையை இழுத்துவிட்டார்.

"காபி குடிக்கப் போயிருப்பாங்க" என்றார் அவர்.

"ஆமா சார். கேன்டீன்ல இன்னைக்கு ஒரே கூட்டம்" என்றார் நர்ஸ்.

சின்ன நாற்காலியில் அவருடைய பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

பிளாஸ்டர் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் வேலையறையை அடைத்துவிட்டார். அவர் இருந்த வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மனைவியின் துணிகள் இன்னமும் மடித்து வைக்கப்பட்டிருந்த ஓர் அலமாரி. பாலில் ஊறவைத்த ரொட்டி. சில நாள்கள் அதுவும் இறங்காது. முடி தலையணையில் உதிர்ந்தது. "மேல் மாடியும் காலி, கீழ்த்தளமும் காலி; வீட்டு ஓனர் மட்டும் உள்ள இருக்கான்" என்று அந்நாள்களைப் பற்றி என்னிடம் சொல்லிச் சிரித்தார். வாய் முழுதும் புண்ணாக இருந்ததால், அப்போது இதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சொல்வதற்கு ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் அழைப்பை எடுக்கவில்லை. 'வேலை அதிகம்' என்று எழுதி அனுப்பினார்.

முதல் ஊசிக்குப் பிறகு ஒரு நாள், யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டார். "ஹலோ" என்றார்.

மறுமுனையில் தங்கை. "யாரு பேசறீங்க? எங்க அண்ணன் நம்பர்தானே இது?"

அவர் பேசாமலிருந்தார். தங்கை, "ராங் நம்பர் போல, மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டார். அவர் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீண்டும் மணி அடித்தது.

"அண்ணா, நீதானே?"

"ம்."

"என்ன குரல் இது? பல்லு எங்க போச்சு?"

"கழட்டி வச்சிருக்கேன்."

"கழட்டியா? உனக்குப் பல் செட்டா? எப்பலேர்ந்து?"

"பன்னண்டு வருஷமா."

"அந்தக் கோணப் பல்லு?" என்று கேட்டார் தங்கை.

"அதுவும் நான் வச்சதுதான்."

"சரியான திருடன் நீ" என்றபோது தங்கையின் குரல் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் மற்றதைச் சொன்னார்.

தங்கையால் வர முடியவில்லை. மாமியாரை ஒப்படைக்க வேறு ஆளில்லை. இரண்டாம் முறை மருந்து ஏறத் தொடங்கியதும் தொலைபேசி அழைத்தது. "உனக்கு வாய் புண்ணா இருக்கும். நீ பேச வேணாம். நான் பேசறேன், நீ 'ம்' கொட்டு, போதும்." எதிர்வீட்டார் பூனை தன் வீட்டிலேயே குட்டி போட்டதை, மாமியார் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழுங்கிவிட்டதாக ஏமாற்றுவதை, குழாய் ரிப்பேர்காரர் மூன்றாம் முறையும் வராததைச் சொல்லிக்கொண்டே போனார். தொலைபேசி, சின்ன நாற்காலியில் இருந்த பையின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

நர்ஸ் கடந்து போகும்போது, "உங்க ஆளு காபி குடிச்சுட்டு வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு" என்றார் அவர்.

"யாருண்ணா அது, பக்கத்துல?" என்றது தொலைபேசி.

"ம்" என்றார்.

மருந்து முடியும் முன்பே தங்கையை யாரோ உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள், அழைப்பு நின்றுவிடும். எஞ்சிய நேரத்துக்குச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குத் தனியாகப் போவார்.

ஆறாவது முறை ஜனவரியில் முடிந்தது. 2023 ஏப்ரல் 11 அன்று டாக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து, தம் கையால் அச்சு எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்குப் பிறர் அச்சு எடுத்தது அதுவே முதல் முறை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று டாக்டர் சொன்னார்.

"இந்தத் தடவையாவது அந்தப் பல்லை நேரா வைங்க" என்றார் டாக்டர், தட்டை வெளியே எடுத்தபடி.

"வேணாம் டாக்டர். அப்புறம் என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?"

அச்சு வழக்கம்போல ஈரத்துணியில் சுற்றப்பட்டுத் துவாரத்தின் வழியே போயிற்று. அவர் எழுந்து, வரவேற்பு மேசையைச் சுற்றிக்கொண்டு, வாயைப் பொத்தாமல் நடந்துபோனார். "மிட்டாய் எங்க, அண்ணா?" என்றாள் அந்தப் பெண், நிமிராமலே. எட்டு மாதங்கள் அடைத்துக் கிடந்த வேலையறையைத் திறந்தார். பலகைகளில் தாடைகள் அப்படியே இருந்தன. பிளாஸ்டர் கலந்து ஊற்றினார். இறுகும் வரை பக்கத்தில் நின்றார். ஈரம் காய்வதற்குள் பென்சிலை எடுத்து அடியில் தம் பெயரையும் தேதியையும் எழுதினார்.

நான்காவது மாடல் அவ்வார இறுதியில் என் மேசைக்கு வந்தது. அதே புள்ளிகள், அதே அளவுகோல்.

வலம் பதினொன்று. இடம் பத்தரை.